1951இல் பர்மிங்ஹாம் வீடு ஒன்றில் ரேடியோ: காலை முதல் இரவு வரை என்ன கேட்டிருக்கும்?

நீலத்தாள்:
குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1951 நவம்பர், பர்மிங்ஹாம், சாதாரண வார நாள். கணவன் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவான், மூத்த பையன் பள்ளிக்கு, மனைவி நான்கு வயதுக் குழந்தையோடு வீட்டில். ரேடியோ அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அன்றைக்கு எத்தனை நிலையங்கள் இருந்தன, எந்த நேரத்தில் என்ன வரும்? பாட்டு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமா? விளம்பரம் உண்டா? மனநிலையைவிட நேரம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் பல காட்சிகளை நிகழ்ச்சிகளை வைத்தே நகர்த்தப் போகிறேன்.

பழையவால்வு:
நல்ல வருடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அப்போது பிபிசியில் மூன்று அலைவரிசைகள். ஹோம் சர்வீஸ் (உங்கள் ஊரில் அதன் மிட்லண்ட் பிரிவு), லைட் புரோகிராம், மாலை 6 மணிக்கு மேல்தான் தொடங்கும் தேர்ட் புரோகிராம். விளம்பரம் கிடையவே கிடையாது. வீட்டுக்கு வருடம் ஒரு பவுண்ட் உரிமக் கட்டணம், அஞ்சலகத்தில் கட்ட வேண்டும். விளம்பரம் வேண்டுமென்றால் இரவில் 208 மீட்டரில் ரேடியோ லக்சம்பர்க்.

காலை 7, 8 மணிச் செய்திகள் ஹோமில். கணவன் கிளம்பும் வரை அதுதான். அப்புறம் 9:10க்கு லைட்டில் ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ், நேயர்கள் அஞ்சலட்டையில் கேட்கும் இசைத்தட்டுகள். 10:30க்கு மியூசிக் வைல் யூ வொர்க். 11க்கு மிஸஸ் டேல்ஸ் டைரி என்ற தொடர் நாடகம், ஆனால் அது முந்தின நாள் மாலைப் பகுதியின் மறுஒலிபரப்பு, புதியது மாலை 4 மணியை ஒட்டி. பகல் 1:45க்கு லிசன் வித் மதர், 1950 ஜனவரியில்தான் தொடங்கியது, உங்கள் நான்கு வயதுக் குழந்தைக்கென்றே செய்தது போல இருக்கும். அது முடிந்த கையோடு 2 மணிக்கு உமன்ஸ் அவர். இந்த வரிசையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். குழந்தைக்குக் கதை சொல்லித் தூங்க வைத்து, தாய்க்கு ஒரு மணி நேரத்தைக் கையில் கொடுக்கிறார்கள். வீட்டில் எந்த நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துத்தான் அந்த அட்டவணையையே போட்டிருக்கிறார்கள். உங்கள் கதைக்கு ரேடியோவைப் பின்னணிச் சத்தமாக வைக்காதீர்கள், கடிகாரமாக வையுங்கள். 5 மணிக்கு ஹோமில் சில்ட்ரன்ஸ் அவர், பள்ளியிலிருந்து வந்த பையனுக்கு.

தறிச்சத்தம்:
மியூசிக் வைல் யூ வொர்க் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். அது வீட்டை மனதில் வைத்துத் தொடங்கியதே இல்லை. 1940 ஜூனில், போர்க்கால ஆலைகளில் உற்பத்தி தொய்யாமல் இருக்க ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம், ஒரே குழு, பாட்டுக்குப் பாட்டு இடையில் பேச்சே இல்லை. ஒலி ஒரே அளவில் இருக்க வேண்டும், மெதுவாகப் போனால் இயந்திர இரைச்சலில் காணாமல் போய்விடும். சோம்பலான மெட்டுகள் கூடாது. கைதட்ட வைக்கும் ஒரு டெக்சஸ் பாட்டையும் விலக்கி வைத்தார்கள், தொழிலாளிகள் கருவியைக் கீழே போட்டுவிட்டோ, கருவியாலேயே தட்டியோ தாளம் போடுவார்கள் என்று. ஆக காலையில் மனைவி சமையலறையிலும் கணவன் ஆலையிலும் ஒரே நேரத்தில் ஒரே வாத்தியக் குழுவைக் கேட்டிருக்க முடியும். இதை ஒரு காட்சியாக எழுதுங்கள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்!

நாள் முழுக்கப் பாட்டு ஓடுமா என்றால், இல்லை. இசைத்தட்டு போடும் நேரத்துக்கு அன்று கடுமையான வரம்பு உண்டு. தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர் சங்கமும் விடவில்லை. அதனால்தான் இத்தனை வாத்தியக் குழுக்களுக்கு வேலை கிடைத்தது, நிறைய நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின.

மேசைவிளக்கு:
இரண்டு சின்ன விஷயங்கள். குமிழைத் திருப்பியதும் சத்தம் வராது, அன்றைய பெட்டிக்குள் இருக்கும் வால்வு எனும் கண்ணாடிக் குழாய்கள் சூடாகச் சிறிது நேரம் பிடிக்கும். 2 மணி நிகழ்ச்சிக்குச் சரியாக 2 மணிக்குப் போட்டால் தொடக்கம் போய்விடும். இன்னொன்று, செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார். போர்க்காலத்தில் சொன்னார்கள், எதிரி நடுவில் புகுந்து போலிச் செய்தி வாசித்தால் நேயர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று. போர் முடிந்ததும் பழையபடி பெயரில்லாக் குரல்.

நீலத்தாள்:
அந்த ஆலை-சமையலறைக் காட்சியை இன்றைக்கே எழுதப் போகிறேன், நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். கணவன் வந்ததும் செய்தி கேட்பான், மனைவிக்கு விவசாயக் குடும்பத் தொடர் நாடகமான தி ஆர்ச்சர்ஸ் வேண்டும். வீட்டில் ஒரே பெட்டிதான். சண்டை வருமா?

பழையவால்வு:
வராது. தி ஆர்ச்சர்ஸ் 1951 ஜனவரி 1இல் நாடு முழுக்கத் தொடங்கியபோது பகலில் வந்தது, மார்ச் இறுதியில் டிக் பார்ட்டன் துப்பறியும் தொடர் முடிந்ததும் அதன் மாலை 6:45 இடத்துக்கு மாறியது. (உங்கள் மூத்த பையனுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கும், அதையும் எழுதலாம்.) தொடர் தயாராவதே உங்கள் பர்மிங்ஹாமில்தான். உணவுப் பங்கீடு நீடித்த காலம், விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லித் தர வேண்டும் என்பதும் அதன் நோக்கம். செய்தி ஹோமில் 6 மணிக்கு, அதைக் கேட்டுவிட்டு லைட்டுக்குத் திருப்ப நேரம் தாராளமாக இருக்கிறது. அவன் தாமதமாக வந்தாலும் கவலையில்லை. ஆர்ச்சர்ஸ் முடிந்ததும் 7 மணிக்கு அதே லைட்டில் ரேடியோ நியூஸ்ரீல் என்ற செய்தி நிகழ்ச்சி, டயலைத் தொடவே வேண்டாம். அதையும் தவறவிட்டால் பிக் பென் மணியோசைக்குப் பின் 9 மணிச் செய்தி ஹோமில் இருக்கிறது.