ஹெச் இண்டெக்ஸுக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

இந்திராநகர் அக்கா எழுதியது:

வணக்கம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கான துண்டறிக்கை வியாழன் காலை சிவாஜிநகர் அச்சகத்துக்குப் போகிறது. அறிவியலாளர்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்பது பொருள். சைட்டேஷன் (ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை குறிப்பிடுவது), ஹெச் இண்டெக்ஸ் (அந்தக் குறிப்புகளை எண்ணி ஓர் ஆராய்ச்சியாளருக்குப் போடும் எண்), துறைக்குத் துறை ஒப்பிடும் 'நார்மலைஸ்டு' எண், மூன்றுக்கும் சொல் வேண்டும். 'மேற்கோள்', 'எச் சுட்டெண்' என்று போன வாரம் ஓட்டிப் பார்த்தேன். பலகையில் 'எச்சுட்டெண்' என்று சேர்த்து எழுதிவிட்டேன் போல. ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, "எந்தச் சுட்டெண்ணுன்னு கேக்கறீங்களா மிஸ்?" என்றாள்.

ஜாலஹள்ளி வாத்தியார் எழுதியது:

எகர வினாவின் பின் வல்லினம் மிகும், பெண் தேறிவிடுவாள். ஆனால் அம்மா, 'மேற்கோள்' என்பதே பொருந்தாது. தருக்கத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் அது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. பொதுவழக்கில் பிறர் சொன்னதை அப்படியே எடுத்துவைப்பது. கட்டுரைக்காரர் இரண்டும் செய்வதில்லை, வரியோரம் ஓர் எண்ணைப் போட்டு ஆளைச் சுட்டுகிறார். எனவே 'சுட்டுகை'. நமக்கு இது புதிதா? 'பிறநூல் முடிந்தது தானுடன்படுதல்' என்று நன்னூல் உத்தியாகவே வைத்தது. தொல்காப்பியர் ஓயாமல் 'என்மனார் புலவர்' என்கிறார்.

அல்சூரான் எழுதியது:

ஐயா, எந்தப் புலவர் என்று சொன்னாரா? பெயர் போடாமல் சுட்டினால் யார் கணக்கில் ஏற்றுவது? அந்தப் புலவர்கள் அத்தனை பேருக்கும் ஹெச் சுழியம்தான். அதோடு, சைட்டேஷனுக்குச் 'சுட்டு'வைக் கொடுத்துவிட்டால் இண்டெக்ஸுக்கு எங்கே போவது? 'சுட்டுகைச் சுட்டெண்' என்றால் நாக்கைச் சுடும். என் பரிந்துரை: எச்சவெண். தக்கார் யார், தகவிலார் யார் என்பது எச்சத்தால் காணப்படும் என்றார் வள்ளுவர். ஆராய்ச்சியாளன் விட்டுச்செல்வதும் அதுதான். ஹெச் ஒலியும் உள்ளேயே இருக்கிறது.

வில்சன் கார்டன் தம்பி எழுதியது:

அண்ணே, அல்சூர் ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு எச்சம் என்கிறீர்களே! பிள்ளைகளுக்குக் காக்காய்தான் நினைவு வரும். எச்ச-வெண் என்று நிறத்தையும் சொல்லிவிட்டீர்கள். எங்கள் ஆய்வகத்தில் கன்னடக்காரர் 'உல்லேக' என்கிறார், நான் சைட்டேஷன் என்கிறேன், வேலை நடக்கிறது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. 'ஹிர்ஷ் எண்' என்றால் போதாதா?

ஜாலஹள்ளி வாத்தியார் எழுதியது:

ஹ, ஷ் இரண்டும் கிரந்தம். 'இர்சு எண்' என்றால் சம்மதம்.

இந்திராநகர் அக்கா எழுதியது:

இர்சு என்றால் எந்தப் பிள்ளையும் இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்காது ஐயா. பெயரில்தான் இந்தப் பாடு. கணக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. தரையில் புளியங்கொட்டையைக் குவித்தேன், குவியலுக்கு ஒரு கட்டுரை, கொட்டைக்கு ஒரு மேற்கோள். பெரியதிலிருந்து வரிசையாக 48, 20, 9, 6, 5, 5, 2. ஐந்தாவது குவியலில் ஐந்து இருக்கிறது, சரி. ஆறாவதில் ஆறு இல்லை. அப்போது ஹெச் 5. முதல் குவியலில் இன்னும் நூறு கொட்டினாலும் 5தான் என்றதும் ஒரு பையனுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரே நல்ல கட்டுரை எழுதியவன் என்ன பாவம் செய்தான் என்கிறான். என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது சொல்லை மறந்துவிடாதீர்கள்.

வில்சன் கார்டன் தம்பி எழுதியது:

அதுதான் அக்கா முக்கியம். மருத்துவ உயிரியலில் ஆளும் அதிகம், கட்டுரையும் அதிகம், மேற்கோள் சீக்கிரம் குவியும். கணிதத்தில் ஒரு தேற்றத்தைப் படித்துச் செரிக்கவே வருடங்கள் ஆகும். இருவரின் ஹெச்சை நேருக்கு நேர் வைப்பது மல்லிகையையும் பூசணியையும் ஒரே தராசில் போடுவதுபோல. அதனால் ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே துறையில், அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுக்கிறார்கள். 1க்கு மேல் போனால் சராசரிக்கு மேல். நார்மலைஸ் என்பதற்கு 'இயல்பாக்கிய' என்று எங்கோ பார்த்தேன்.

ஜாலஹள்ளி வாத்தியார் எழுதியது:

இயல்பாக்க அதற்கு என்ன காய்ச்சலா?

அல்சூரான் எழுதியது:

'துறைவாரி மேற்கோள் வீதம்'. வாரி உருதுவிலிருந்து வந்தது என்று வாத்தியார் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், வந்தால் வரட்டும்.

ஜாலஹள்ளி வாத்தியார் எழுதியது:

கிளம்பத்தான் போகிறேன். 'வாரம்' என்றால் பங்கு. வாரக் குத்தகை கேட்டதில்லையா? வாரி அதன் பிள்ளையாகவும் இருக்கலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

இந்திராநகர் அக்கா எழுதியது:

நாளை வியாழன் ஐயா. மேற்கோள், ஹிர்ஷ் எண், துறைவாரி மேற்கோள் வீதம் என்று இப்போதே அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், இருவர் தனிமடலில் "ஏதாவது ஒன்றைப் போடுங்கள்" என்றார்கள்.

ஜாலஹள்ளி வாத்தியார் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். மேற்கோள் அன்று, சுட்டுகை.

அல்சூரான் எழுதியது:

என்னுடையதையும். இனி என் கையொப்பம் இதுதான்.

அல்சூரான்
எச்சவெண்: 1 (சுட்டியவனும் நானே)