வேலை அறையில் பித்தளையும் செம்பும்: எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது?

ஒன்பதாம் மாடி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் உள்ள எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மகள் திருமணமாகிப் போன பிறகு வெறுமையாகக் கிடந்த சிறிய அறையை எனக்கான வேலை அறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கணக்காய்வுப் பணி, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற மேசை, கறுப்பு நாற்காலி, இரண்டு கணினித் திரைகள், கூரையில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கு, இவ்வளவுதான் அறை. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால், மாலை வரை கண்ணுக்கு இதமாக ஒரு பொருள்கூடத் தட்டுப்படுவதில்லை. பித்தளை, செம்பு, வெண்கலம் போன்ற பொன்னிறமும் செந்நிறமும் கொண்ட உலோகங்கள் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இணையத்தில் பொன்னிற மேசை விளக்கு ஒன்றை வாங்கினேன். ஏழே மாதத்தில், போட்டு அணைக்கக் கை படும் இடத்தில் பூச்சு உரிந்து, உள்ளிருந்து வெளிறிய சாம்பல் நிறம் தெரியத் தொடங்கிவிட்டது. அதன் பிறகுதான், அம்மா காலமானதிலிருந்து பிரிக்காமலே வைத்திருந்த அட்டைப் பெட்டி நினைவுக்கு வந்தது. என் பாட்டியின் பித்தளை வெற்றிலைப் பெட்டி, ஓர் உழக்கு, ஒரு செம்புச் சொம்பு, முழ உயரக் குத்துவிளக்கு ஆகியவை அதில் இருக்கின்றன. எல்லாமே கறுத்துப்போயிருக்கின்றன, சொம்பின் கழுத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கிறது.

இவற்றைப் பளபளவென்று துலக்கித்தான் வைக்க வேண்டுமா? சன்னல் மேற்கு நோக்கியிருப்பதால், மாலை வெயில் இவற்றில் பட்டுத் திரையில் கண்கூசச் செய்யுமோ என்ற அச்சமும் உண்டு. பித்தளையோடு செம்பைக் கலந்து வைக்கலாமா? சன்னல் சட்டம் அலுமினியம் ஆயிற்றே, அது பொருந்துமா? எல்லாவற்றுக்கும் மேலாக, குத்துவிளக்கை அலுவல் அறையில் அழகுக்காக வைப்பது சரியா என்று மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஒளியும் நிழலும் எழுதியது:

அக்கா, நான் உள்ளலங்காரத் துறையில் வரைபடப் பணி செய்கிறேன். பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கூரை விளக்கைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் அறையில் முதலில் மாற வேண்டியது அதுதான். பித்தளையும் செம்பும் நீல ஒளியைப் பெரிதும் விழுங்கிவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகின்றன. 6500 கெல்வின் விளக்கில் நீலம் மிகுதி, செம்மை குறைவு. ஆகவே எவ்வளவு நல்ல பித்தளையானாலும் அதன் கீழே பச்சை கலந்து வெளிறித்தான் தெரியும். அதே பொருளை 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கின் கீழே நகர்த்திப் பாருங்கள், பொன் போல எழும்பி வரும். நாள் முழுவதும் கணக்கேடுகளைப் படிப்பவருக்கு அறை முழுவதும் மஞ்சள் ஒளி உகந்ததல்ல என்பதால், கூரைக்கு 4000 கெல்வின், மேசை விளக்குக்கு 2700 முதல் 3000 கெல்வின் என்று பிரித்துக்கொள்ளலாம். எல்இடி விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்ற அளவு 90 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை அது குறிக்கிறது.

கண்கூசுவதைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகையில் நாம் இருக்கிறோம். மேற்குச் சன்னல் என்றால் வானம் தெளிந்த எந்த மாதத்திலும் ஏழு மணிவாக்கில் பொழுது சாயும்வரை வெயில் உள்ளே சரிந்து வரும். திரைகள் சன்னலுக்கு நேர் எதிராகவோ சன்னலை முதுகில் வைத்தோ இராமல், பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பிக்கொள்ளுங்கள். பளபளப்பான எதையும் சன்னல் திண்டிலோ சன்னலுக்கு எதிர்ச் சுவரிலோ வைக்க வேண்டாம். சன்னல் இருக்கும் அதே சுவரையொட்டி, சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு அமைத்து வைத்தால், வெயில் அதைத் தாண்டிப் போய்விடும், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளி மட்டுமே உலோகத்தின் மேல் விழும். உங்கள் பொருள்கள் கறுத்திருப்பதும் இந்த வகையில் நல்லதே. மங்கிய பரப்பு ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடி போலத் துலக்கிய பரப்பு ஒரே திசையில் வீசியடிக்கும்.

காணொளிக் கூட்டங்களில் உங்கள் முதுகுக்குப் பின்னால் வட்டத் தட்டு எதையும் மாட்ட வேண்டாம். தஞ்சாவூர்க் கலைத்தட்டு ஒன்றை அப்படி மாட்டியிருந்த ஒருவருக்கு, முகத்துக்கு நேரே வைத்திருந்த வளைய விளக்கு அந்தத் தட்டின் நடுவில் இன்னொரு வளையமாகத் தெரிந்தது. அதைப் பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகுதான் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. தட்டு கனமானது என்றால் சுவரில் துளையிட நேரும். அது வீட்டுக் காப்பறையின், அதாவது நெருக்கடி நேரத்தில் தஞ்சம் புகுவதற்கான அறையின், சுவராக இருந்தால், சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை விதித்துள்ள கட்டுப்பாடுகளைப் படித்துவிட்டே துளையிட வேண்டும்.

கலப்பதைப் பற்றி: பித்தளை முதலாவதாகவும், செம்பு ஒரே ஒரு பொருளாகவும் இருக்கட்டும். இரண்டும் சம அளவில் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். அலுமினியச் சன்னல் சட்டத்தைக் கண் சுவரோடு சேர்த்துத்தான் எண்ணும், அதற்காக வருந்த வேண்டாம். இழுப்பறைப் பிடி, நாற்காலிக் கால், படச்சட்டம், குப்பைக்கூடை என அனைத்தையும் பொன்னிறமாக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் சாம்பல் நிற மேசைதான் உண்மையில் சிக்கல். பித்தளையை அதன்மேல் நேராக வைத்தால் ஒட்டாமல் நிற்கும். ஒரு தேக்குப் பலகையோ, கரும்பச்சை அல்லது செங்கல் நிறத் துணியோ இடையில் வந்துவிட்டால் பொருள் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

பழம்பாத்திரம் எழுதியது:

அம்மா, லிட்டில் இந்தியாவில் தேக்காப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவன் நான். உங்கள் அட்டைப் பெட்டியைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உரிந்துபோன அந்த விளக்கு, துத்தநாகக் கலவையிலோ இரும்பிலோ வார்த்து மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்ததாக இருக்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று உறுதி. ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவுகட்டிவிடக் கூடாது, துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. அடிப்புறத்தில் கண்ணில் படாத ஓரிடத்தில் ஊசியால் லேசாகக் கீறினால் மஞ்சள் தெரிய வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஆகவே உள்ளே வரைக்கும் அதே நிறம்தான். தேய்ந்தாலும் பித்தளையாகத்தான் தேயும்.

கறுப்பைக் கண்டு கவலைப்பட வேண்டாம். அந்தப் பழுப்புப் படலம் பல ஆண்டுகளில் மெல்லப் படிந்தது, பெரும்பாலும் உலோகத்துக்குக் கெடுதல் செய்யாது. பச்சைக் களிம்புதான் ஆகாது. ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிப்பதால் அது வருகிறது, கையில் ஒட்டும், துணியில் கறையாகும். சொம்பின் கழுத்தில் உள்ளதை மட்டும் எடுத்துவிடுங்கள். எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கரைத்து, மென்மையான துணியால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, நன்றாக அலசி, உடனே ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளியைப் பூசி ஊறவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். பித்தளையில் அப்படிச் செய்தால், புளியின் அமிலம் மேற்பரப்பில் உள்ள துத்தநாகத்தைக் கரைத்துவிட, அங்கங்கே செந்நிறத் திட்டுகள் மிஞ்சும். கம்பி நாரும் வேண்டாம், கொத்துவேலை மழுங்கிப்போகும். புதிதாக வாங்கும் பொருள்களில் சில, கறுக்காமல் இருக்க நிறமற்ற வார்னிஷ் பூசி வரும். அவற்றில் புளியோ பீதாம்பரித் துலக்கும் பொடியோ பட்டால் பூச்சு திட்டுத்திட்டாகப் போய், பார்க்கச் சகிக்காது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே வழக்கம். அதைவிட முக்கியமானது குளிரூட்டி. அறை 23 பாகையில் நாள் முழுவதும் குளிர்ந்திருந்து, மாலையில் அதை அணைத்துச் சன்னலைத் திறந்ததும், வெளிக்காற்று குளிர்ந்த உலோகத்தின் மேல் பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகப் படியும். களிம்பு தொடங்குவது அங்கேதான். வேலை முடிந்ததும் குளிரூட்டியை அணைத்து, மின்விசிறியைப் போட்டு, ஒரு கால் மணி நேரம் கழித்துச் சன்னலைத் திறந்தால் ஈரம் நிற்காது. துலக்கிக் காய்ந்த பிறகு மரச்சாமான் மெழுகை நகக்கண் அளவு எடுத்து, மெலிதாகத் தடவித் துடைத்துவிட்டால் பல மாதம் தாங்கும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. அது தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும்.

இனி, வெற்றிலைப் பெட்டி. அதைத் திறந்து பாருங்கள். மேல்தட்டில் பாக்குக்கும் கிராம்புக்கும் குழிகள் இருந்தால் அந்த இடத்தில் காகிதக் கவ்விகளும் கணினிச் சேமிப்புக் குச்சிகளும் (யுஎஸ்பி) அளவெடுத்தது போல உட்காரும். ஆனால் இரும்புக் கவ்விகள் பித்தளையில் நேராகப் படாமல் அடியில் கம்பளித் துணி வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் துருக்கறை இறங்கும். சுண்ணாம்புக் குழியில் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தால், அதை மட்டும் சுரண்டாதீர்கள். உங்கள் பாட்டியின் விரல் பட்ட இடம் அது. உழக்கு பேனாக்களுக்கு நல்ல உயரம். சொம்பில் செடி வைக்க நினைத்தால், உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள், செம்பு கரையும் நீர் வேருக்கு நல்லதல்ல.

குத்துவிளக்கைப் பற்றி என் கருத்து வேறு எவருக்கும் கட்டளை அல்ல. ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட பொருளை ஏற்றாமல் கோப்புகளுக்கு நடுவில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அதைத் துலக்கி, சாமி மேசைக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மனம் ஒப்பவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதற்கு மேல் வேறு யோசனை எதற்கு? அறைக்கு உயரமான பொருள் ஒன்று தேவைப்பட்டால், சிராங்கூன் சாலை, கேம்பல் லேன், பஃபலோ சாலைப் பக்கம் கடைகளில் பித்தளைக் கூஜா கிடைக்கும். கையில் எடுத்துக் கனம் பார்த்து வாங்குங்கள். பழைய பொருள்களுக்கு முன்பெல்லாம் சுங்கை ரோடு சந்தைக்குப் போவோம். 2017 ஜூலையில் அது மூடப்பட்ட பிறகு, வீடு காலி செய்பவர்கள் இணையத்தில் விற்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மூன்று முனை எழுதியது:

உரிமம் பெற்ற மின்பணியாளன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. உலோக விளக்கை இந்தியாவிலிருந்து கொண்டுவருபவர்கள், அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட் என்பதால் செருகியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். உடல் முழுவதும் உலோகமாக உள்ள விளக்கில், பச்சையும் மஞ்சளும் கலந்த நில இணைப்புக் கம்பி அந்த உடலோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்; இரட்டைக் காப்பு உள்ள விளக்கானால் சதுரத்துக்குள் சதுரக் குறி இருக்கும். இரண்டும் இல்லாத விளக்கைத் தொட்டு அணைப்பது ஆபத்து. செருகி வாங்கும்போது பாதுகாப்புக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். சொம்பைத் துளையிட்டு விளக்காக்கும் எண்ணம் எவருக்கேனும் இருந்தால், துளையின் விளிம்பு கம்பியின் உறையை அறுக்காமல் ரப்பர் வளையம் போட வேண்டும், உரிமம் உள்ளவரிடம் காட்டாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

ஒன்பதாம் மாடி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கூரைக்கு 4000 கெல்வின் விளக்கு வந்துவிட்டது, மேசையைத் திருப்பிவிட்டேன், உரிந்த விளக்கைக் கழித்துவிட்டு, மரத்தண்டு உள்ள எளிய விளக்கு ஒன்றை 3000 கெல்வினில் வைத்திருக்கிறேன். சன்னல் சுவரையொட்டிய தேக்குப் பலகையில் சொம்பு, உள்ளே குவளையில் மணி பிளான்ட் கொடி. கழுத்துக் களிம்பு போய்விட்டது, வயிற்றுப் பகுதியின் பழுப்பை அப்படியே விட்டிருக்கிறேன். ஆறரை மணி வெயில் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும்போது அந்தப் பழுப்புக்குள்ளிருந்து செம்மை கிளம்புவதை, முதல் நாள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உழக்கில் பேனாக்கள் நிற்கின்றன. அதன் அடியில், துடைத்தபோதுதான் தெரிந்தது, பாட்டியின் பெயரின் முதலெழுத்தைப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கிறார்கள். குத்துவிளக்கு சாமி மேசைக்குப் போய்விட்டது. சென்ற வெள்ளிக்கிழமை ஏற்றினேன். வெற்றிலைப் பெட்டி என் வலக்கைப் பக்கம் இருக்கிறது. சுண்ணாம்புக் குழியில் வெள்ளை இருந்தது, ஐயா. அந்தக் குழியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.