கோடாவண் தேடிப் போன காலை

ஜெய்சால்மர் என்றால் எல்லோரும் கோட்டையையும் சாம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரியையும்தான் சொல்வார்கள். நான் போனது பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு, கானமயில் என்ற பெரிய பறவையைப் பார்க்க. 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. உள்ளேயே ஊர்கள் இருக்கின்றன, ஆடுமாடுகள் மேய்கின்றன. மணற்குன்றுகூட அங்கே கொஞ்சம்தான். பெரும்பகுதி கல்லும் கட்டாந்தரையும் சேவண் புல்லும். இடையிடையே எருக்கு, இலந்தைப் புதர், எங்காவது ஒரு வன்னி மரம்.

ஜனவரி விடியற்காலைக்கு ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு போனது என் புத்திசாலித்தனம். விரல்கள் விறைத்து பைனாகுலரைத் திருக முடியவில்லை.

பூங்காவுக்குள் சுதாசரி என்ற இடத்தில் வேலி போட்டுப் புல்வெளியைக் காத்து வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அந்தப் பக்கத்துக்காரர். கானமயிலை 'கோடாவண்' என்றுதான் சொல்கிறார். முதல் ஒன்றரை மணி நேரமும் சிங்காரா மான்கள், ஒரு நரி, அவ்வளவுதான். வால் நுனி வெள்ளையாக இருந்ததால் அது பாலை நரி. கறுப்பாக இருந்தால் குள்ளநரி என்றார்.

பிறகு ஜீப்பை நிறுத்தச் சொல்லி, கையை நீட்டாமல் தாடையால் காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் புல்லுக்குள் நட்டுவைத்தாற்போல ஒரு வெள்ளைக் குச்சி. குச்சி நடந்தது! உச்சந்தலை கறுப்பு, மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை: ஆண். நாலடி வைக்கும், நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடி நிமிரும். பின்னால் சற்றுச் சிறியதாக இன்னொன்று.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வேறொரு ஜீப் படம் எடுக்கும் ஆசையில் தடத்தை விட்டு இறங்கி உள்ளே வந்தது. இரண்டும் எழும்பிவிட்டன. 15 கிலோ வரை கனக்கும் பறவை, தாழ்வாகத்தான் பறக்கிறது. அவை போன திசையில், தொலைவில் மின்கம்பிகள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேரெதிரே பார்வை மட்டு. கம்பி கண்ணில் பட்டாலும் அந்தக் கனத்தோடு சட்டென்று திரும்ப முடியாது. 150க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் பறவைக்குக் கம்பிதான் பெரிய எமன். அவற்றைப் பூமிக்கடியில் புதைக்கச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவிடம் விட்டது. கம்பம் அங்கேயே நிற்கிறது.

நல்லவேளை, கம்பிக்கு முன்பே இரண்டும் இறங்கிவிட்டன. வழிகாட்டி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். அந்த ஓட்டுநரிடம் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

*

(ஒரு வாசகரின் பின்னூட்டம்) உங்களுக்கு இரண்டா! நான் மூன்று நாள் சுற்றியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் செத்த ஒட்டகம் ஒன்றைச் சுற்றிப் பாறுக்கழுகுகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை. இருபது வரை எண்ணினேன். அப்புறம் நாற்றம் எண்ண விடவில்லை.

*

(இன்னொரு வாசகர்) ஐயா, நான் போனது மார்ச் கடைசியில். வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கிவிட்டன. எனக்கு வாய்த்தது முள்வால் ஓணான்; அங்கே 'சாண்டா' என்கிறார்கள். வளை வாயில் தலையை மட்டும் நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. சிறிது நேரத்தில் உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொண்டது. எண்ணெய்க்காக இதைப் பிடித்துக் கொல்கிறார்களாம். அடைத்த மண்ணைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். திறக்கவேயில்லை.