ஆலிகோடைனமிக் விளைவு: ‘சின்மைவன்மை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மிகச் சிறிதளவு கரைந்த உலோகமே நுண்ணுயிர்களைக் கொல்வதை ஆலிகோடைனமிக் விளைவு என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

> ‘நுண்ணுயிர்க்கொல்லி விளைவு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். குளோரினும் பீனாலும்கூட நுண்ணுயிரைக் கொல்கின்றன. அவற்றை யாரும் ஆலிகோடைனமிக் என்பதில்லை. தாவரவியலாளர் நேகெலி இறந்தபின் 1893இல் வெளியான அவருடைய ஆய்வில்தான் இந்தப் பெயர் வருகிறது. நீரில் மிகச் சொற்பமாகக் கரைந்த உலோகமே ஸ்பைரோகைரா பாசியைச் சாகடித்ததைக் கண்டு வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ஆலிகோஸ் என்றால் கொஞ்சம், டைனமிஸ் என்றால் வலிமை. அந்தக் ‘கொஞ்சம்’ தமிழில் விடுபட்டால் பெயர் வைத்த காரணமே போய்விடும்.

> அப்படியானால் ‘நுண்வினை’?

நுண்மை உருவத்தின் சிறுமை. இங்கே நமக்கு வேண்டியது அளவின் சிறுமை. இந்த விளைவுள்ள உலோகங்களில் ஒன்றான வெள்ளி பற்றிய கட்டுரைகளில் நானோத் துகளும் அயனியும் அடுத்தடுத்த வரிகளில் வரும். நானோவை மீநுண் என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே ‘நுண்வினை’ என்று படிப்பவர் துகளின் பருமனைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை சின்மைவன்மை. சில் என்பதிலிருந்து சின்மை. ‘சில’ எண்ணக்கூடியவற்றுக்கு மட்டும்தானே என்ற ஐயம் எனக்கும் இருந்தது. சங்கப் பாடல்களில் வரும் ‘சின்னீர்’ அதைத் தீர்த்தது: சிறிதளவு நீர். கரைசலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. டைனமிஸுக்கு ‘ஆற்றல்’ வேண்டாம், அது இயற்பியலில் எனர்ஜிக்குப் போய்விட்டது. ‘திறன்’ பவருக்குப் போய்விட்டது. வன்மை நமக்கு மிச்சமிருக்கிறது.

சொல் விளக்கத்தில் இப்படி எழுதலாம்: வெள்ளி அயனி புரதங்களின் கந்தக முனைகளைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்குகிறது, சிறிதளவே போதும். தீப்புண்ணுக்கு இடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பின் வேலையும் இந்த அயனியை மெல்ல மெல்ல விடுவிப்பதே. உடல் நீர்மங்களில் குளோரைடு இருப்பதால் தனி அயனி வெள்ளிக் குளோரைடாகப் படிந்துவிடும். அதனால்தான் வெள்ளியைக் கார்பீன் ஈனியோடு (உலோகத்தோடு இணையும் கரிம மூலக்கூறு) இறுகப் பிணைத்த அணைவுச் சேர்மங்களை இப்போது ஆராய்கிறார்கள்.

> இதே சேர்மங்கள் புற்றணுக்களையும் கொல்கின்றனவே, அதற்கும் இச்சொல் ஆகுமா?

ஆகாது என்பேன், இதில் உறுதியாக இருக்கிறேன். ஆய்வகத்தில் வளர்த்த புற்றணுக்களில் இவற்றுள் பல, உயிரணுவை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்க உதவும் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கின்றன. அதற்கு ‘உயிரணு நச்சுமை’ என்ற பொதுச்சொல் போதும். ‘புற்றுநோய் மருந்து’ என்று மட்டும் சொல் விளக்கத்தில் ஏற்ற வேண்டாம். வளர்ப்புத் தட்டில் கண்டதை மருந்து என்று எழுதினால் நோயாளி வீட்டார் நம்பிவிடுவார்கள். ‘புற்றெதிர்ப்புச் செயல்பாடு’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

பெயரடையாக வரும்போது ‘சின்மைவன்மை உலோகம்’ என்றா, ‘சின்மைவல் உலோகம்’ என்றா? இரண்டாவது நாவுக்கு இதமாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்