சொந்த வீட்டை உள்ளூர் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தால் உரிமை குறையுமா?

கேள்வி:
அமெரிக்காவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டை உள்ளூர் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்க நகராட்சிக் குழு முன்மொழிந்துள்ளது. வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏற்கெனவே இடம்பெற்ற வீட்டுக்கு இன்னோர் அறிவிப்பு எதற்கு? இனி ஜன்னலை மாற்றவும் அனுமதி வேண்டுமா?

மறுமொழி 1:
இரண்டும் ஒன்றல்ல, பெயர்கள்தாம் குழப்புகின்றன. 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விரிவுபெற்ற தேசியப் பதிவேடு பெரும்பாலும் ஒரு மரியாதையே. உரிமையாளர் தம் சொந்தப் பணத்தில் செய்யும் மாற்றத்தையோ, ஏன், இடிப்பையோகூட அது தடுப்பதில்லை. கட்டுப்பாடு உள்ளூர் விதியிலிருந்தே வருகிறது. தெருவிலிருந்து தெரியும் ஜன்னல், கூரை, முகப்பு ஆகியவற்றை மாற்றுமுன் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டியிருக்கும். சமையலறையைப் புதுப்பிப்பது போன்ற உள்வேலைகளில் குழுக்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை.

மறுமொழி 2:
நீதிமன்றத்தை நம்பி எதிர்ப்பது கடினம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் உயர்மாடிக் கட்டடம் எழுப்ப நகரம் மறுத்த வழக்கில், அந்த மறுப்பு இழப்பீடு தரவேண்டிய சொத்துப் பறிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது.

மறுமொழி 3:
உரிமையாளரின் சம்மதமின்றியே அறிவிக்க உங்கள் ஊர் விதி இடம் தருகிறதா என்பதை முதலில் படித்துப் பாருங்கள். இது ஊருக்கு ஊர் மாறும். வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் செலவுக்கான 20 சதவீதக் கூட்டரசு வரிச்சலுகையை எண்ணிச் சம்மதித்துவிட வேண்டாம். அது வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு உரியது, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அன்று.