பாஸ்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: பேஸ்பாலை முதலில் படியுங்கள்

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது எல்லோரும் பேஸ்பால் பேசுகிறார்கள், நான் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அப்படித்தான். ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள், ஏறக்குறைய தினமும் ஒன்று. உடனே டிக்கெட் வாங்க வேண்டாம், ஒரு மாதம் படியுங்கள் என்பேன். நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தது கண் வழியாக அல்ல, எழுத்து வழியாகத்தான்.

தினமும் காலையில் பாக்ஸ் ஸ்கோரைப் பாருங்கள். முந்தைய நாள் ஆட்டம் முழுவதும் உள்ளங்கை அளவு அட்டவணையில் அடங்கியிருக்கும். கிரிக்கெட் ஸ்கோர் படித்து வளர்ந்தவர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடும். அதை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். இதை அறிந்த நாளில் எனக்கு ஏதோ தூரத்து உறவினரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி.

சராசரிக் கணக்கில் மட்டும் கவனமாக இருங்கள். இங்கே சராசரி என்றால் ரன் கணக்கு அல்ல, அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பந்தை அடித்து பத்திரமாக பேஸ் சேர்வது, என்பதுதான். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் (.300) அடித்தாலே பெரிய ஆட்டக்காரர். அதனால்தான் இவ்வூர்க்காரர்கள் தங்கள் ரெட் சாக்ஸ் அணியில் ஆடிய டெட் வில்லியம்ஸ் பெயரை இன்னும் சொல்கிறார்கள். 1941 சீசனின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி .39955. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் .400 என்றே பதிவாகியிருக்கும். அன்று இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் இறங்கினார். எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட். .406 என்று முடித்தார். அதன்பின் இங்குள்ள இரு பெரிய லீக்குகளான அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு சீசனில் .400-ஐ எவரும் தொடவில்லை. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த ஆறாவது ஹிட்டில் நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்னும் படிக்க நூலகத்துக்குப் போங்கள். பாடவாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டியூயி முறை அங்கே இருந்தால் 796.357 பேஸ்பால். அடுத்த எண் 796.358 நம் கிரிக்கெட்.

பிறகு ஃபென்வே பார்க் போங்கள். 1912-இல் திறந்த மைதானம். இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர். ஏப்ரல் மாலைக் குளிருக்குத் தடித்த மேலங்கி வேண்டும். ஸ்கோர் அட்டையும் பென்சிலும் கையில் இருக்கட்டும். களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பந்தை எறியும் பிட்சர் 1, அதைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6. உருண்டுவரும் பந்தை ஷார்ட் ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு எறிய, அவர் முதல் பேஸ்காரருக்கு எறிந்து, எதிரணியில் ஓடிவரும் இருவர் அவுட்டானால், அட்டையில் 6-4-3 என்று எழுத வேண்டும்.

என் முதல் ஆட்டத்தில், தின்பண்டம் வாங்கப் போய்த் திரும்பிய பக்கத்து இருக்கைப் பெரியவர், "என்ன ஆயிற்று?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல ஆங்கிலம் சட்டென்று வரவில்லை. அட்டையைத் திருப்பிக் காட்டினேன். 6-4-3. பார்த்துத் தலையாட்டிவிட்டு, தன் வேர்க்கடலைப் பையை என் பக்கம் நீட்டினார்.