அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய்: மருந்து ஆய்வில் சேர்ப்பது எப்படி?

தங்கச்சிமடம் மகள்:
அப்பாவுக்கு 58 வயது, நண்டு வலைக்குப் போகிறவர். ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கட்டி நிணநீர் முடிச்சு வரை வந்துவிட்டது. அடுத்த வாரம் மதுரையில் கதிர்வீச்சு. புது மருந்து ஆய்வில் சேர்க்கலாம் என்கிறார் அண்ணன். எங்கே தேடுவது? அவரை வைத்துச் சோதனை செய்வார்களோ என்று அம்மா அழுகிறார்.

மண்டபம் செவிலியர்:
தங்கச்சி, பயாப்ஸி திசுவில் எம்.எம்.ஆர். சோதனை செய்தார்களா என்று இப்போதே கேளுங்கள். செல்லில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது அது. சிகிச்சை தொடங்கியவர்களைப் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. அந்தக் குறைபாடு இருந்த 12 பேருக்கு நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது, 2022இல் வெளியான முடிவு. ஆனால் மலக்குடல் புற்றுநோயில் இந்த வகை சிலருக்குத்தான். இல்லையென்றால் ஆய்வுக்காகக் காத்திருந்து கதிர்வீச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொண்டி மருமகன்:
மாமனாருக்காக நான் தேடியது சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை அதில் பதிய வேண்டும். ஆள் சேர்க்கிறார்களா, எந்த ஊர், யாரிடம் பேசுவது, எல்லாம் இருக்கும். பயணச் செலவு தருவார்களா என்றும் கேளுங்கள். ராமேஸ்வரம் ரயிலில் மாதாமாதம் போய்வருவது லேசில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

தங்கச்சிமடம் மகள்:
சரி அண்ணே, அக்கா. எம்.எம்.ஆர். சோதனை செய்யவில்லையாம். அந்தச் சோதனைக்காக, பயாப்ஸி திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டையை வாங்க நாளை முதல் பஸ்ஸில் போகிறேன்.